அம்மா ஒட்டிய என் முகம்

அன்றைக்கு சிவகாசியில் அந்தப் பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் ரூமில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி, ஐம்பது வயது இருக்கும். அவருடைய கணக்குப்பிள்ளை. மல்லாங்கிணறு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வாரம் இரண்டு தடவை வந்து அட்டைக் கட்டைப் போட்டுவிட்டு, ஒட்டி முடித்த பெட்டியை எண்ணி எடுத்துப் போகும் ஏஜென்ட். என் அம்மா. நான். மேஜை மேல் கிடந்த தீபாவளி கிப்ட் பாக்ஸில் அச்சாகியிருந்த என் முகத்தையும் சேர்த்தால் ஆறு. வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரில் இப்போது இருபது பேர் இருப்பார்கள். நான் கத்தினேனாம், மேஜையைத் தட்டினேனாம், முதலாளியை 'நீ' என்றேனாம். நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். விட்டதற்குக் காரணமும் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கணக்கு நோட்டுத்தான். எங்கள் பக்கம் வீட்டிலிருந்து பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு சீசனுக்கு முன்னால் அட்வான்ஸ் கொடுப்பார்கள். ஒட்ட ஒட்ட அது கூலியில் கழியும். நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மேலே ஒரு பெயர். வீட்டில் யார் உட்கார்ந்து ஒட்டினாலும் அந்தப் பெயரில்தான் ஏறும். அப்பா இறந்த வருஷம் அட்வான்ஸ் கூடிப்போய், அம்மாவின் இரண்டு கையால் கழியாது என்று ஆனபோது நானும் பசைச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சீசனுக்கு என்றுதான் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவில்லை. பிறகு வேன் ஏறி ஒரு பிரஸ்ஸுக்கு, காலண்டர் தாள் அடுக்கப் போனேன். எத்தனை வருஷம் ஒட்டினேன், எத்தனை பெட்டி ஒட்டினேன் என்று என் பெயரில் எழுதிய ஒரு வரி உலகத்தில் எங்கேயும் கிடையாது.

கல்யாணமாகி மலேசியாவுக்கு, கிள்ளானுக்குப் போனேன். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், லாரி ஓட்டுகிறவர். நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போடுவேன். "சாப்பிட்டயா?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன்" என்பேன். அதற்குமேல் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம். அம்மாவுக்கு எழுத்துப் படிக்க வராது. அதனால் என்ன சாப்பிட்டேன் என்பதைப் பாட்டாகப் பாடி, வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்ப ஆரம்பித்தேன். பாட்டாகச் சொன்னால் அழுகை வரவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் லாரி கேபினுக்குள் சத்தம் வராது. அங்கே உட்கார்ந்துதான் பாடுவேன்.

காலையில ரெண்டு ரொட்டி,
மத்தியானம் நேத்து மீனு,
ராத்திரிக்கும் வயிறு நிறைஞ்சுது யம்மா,
பொய்யி, பொய்யி, பொய்யி.

இதுதான் என் முதல் பாட்டு. கிள்ளானில் கடை மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரிடம் அறுநூறு ரிங்கிட் கொடுத்து மியூசிக் சேர்த்து இணையத்தில் ஏற்றினேன். அந்த அறுநூறு நான்கு மாதச் சேமிப்பு. ஏற்றிய பிறகு பத்து நாள் எனக்குத் தூக்கமில்லை, யாராவது வந்து திட்டுவார்கள் என்று. யாரும் திட்டவில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எங்கெங்கோ வேலை பார்க்கிற பிள்ளைகள், "அக்கா, இது எங்க வீட்டுப் பாட்டு" என்று எழுதினார்கள். கடைசி வரியில் வரும் 'பொய்யி'யைக் கேட்டுத்தான் அழுததாக எழுதினார்கள்.

அப்படியே ஒன்பது வருஷத்தில் பதினேழு பாட்டு. எனக்குக் கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. நானே எழுதி, நானே பாடி, நானே காசு கொடுத்து, நானே ஏற்றுவேன். கேட்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பதாகப் போன் காட்டும். வருகிற பணத்தில் ஸ்டூடியோ வாடகைகூடத் தேறாது. கையில் காசு நின்றது கல்யாணம், காதுகுத்து, எஸ்டேட் கோயில் திருவிழா மேடைகளில்தான். அதிலும் முதல் இரண்டு வருஷம் எத்தனை பேர் ஏமாற்றினார்கள்! பாடி முடித்து இறங்கினால், "சாப்பிட்டுட்டுப் போங்க, உங்களுக்கும் விளம்பரம்தானே" என்பார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பாடியவளுக்குச் சாப்பாடே சம்பளம். விளம்பரத்தை வைத்து நான் என்ன வாடகையா கட்ட முடியும்?

நான் இயல்பிலேயே பயந்தவள். பயந்தவள் ஏமாந்தால் அடுத்த தடவைக்கு நூறு பூட்டுப் போடுவாள். நானும் போட்டேன். ஒரு பில் புத்தகம் வாங்கினேன். பாட்டுக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு, கடை விளம்பரத்தில் பாட்டைப் போட்டால் இவ்வளவு, பேனரில் முகத்தைப் போட்டால் இவ்வளவு என்று எழுதிக் கையில் கொடுத்தேன். ஆங்கிலத்தில் தாள் வந்தால் கீழ்வீட்டு டீச்சரிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் கையெழுத்து. மேடைக்கு என் மைக்கை நானே தூக்கிப் போனேன், கூடவே ஒரு உபரி வயர். "உனக்கு எதுக்கு லா இவ்ளோ பயம்?" என்று வீட்டுக்காரர் அவருடைய மலேசியத் தமிழில் கேட்டுச் சிரிப்பார். சிரிக்கட்டும். கிள்ளானில் ஒரு நகைக்கடை என் பாட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டும், பேனரில் என் முகத்துக்கு ஆயிரத்து ஐந்நூறும் மறுபேச்சில்லாமல் கொடுத்தது அந்தப் பில்லுக்குத்தான்.

இத்தனை பூட்டுப் போட்டவள் எங்கே கோட்டை விட்டேன் என்றால், சொந்த ஊரில்.

போன வருஷக் கடைசியில், மேடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க என் படம் போட்ட காலண்டர் இருநூறு அடிக்க நினைத்தேன். மலேசியாவிலேயே அடித்திருக்கலாம். ஆனால் எட்டு வருஷம் காலண்டர் தாள் அடுக்கிய எனக்கு, காலண்டர் என்றால் சிவகாசி. வேறு ஊரில் அடித்தால் அது காலண்டரே இல்லை என்று நினைக்கிற ஆள் நான். அம்மாவுக்கு அட்டை கொண்டுவரும் ஏஜென்டுக்குப் போன் போட்டேன். அவருடைய கம்பெனிக்கே ஒரு பிரஸ் இருந்தது. "அண்ணே, நல்லாப் பண்ணிக் குடுங்கண்ணே" என்று சொல்லி, போட்டோகிராபர் எடுத்த பெரிய படத்தை அப்படியே அனுப்பினேன். தாள் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. நம்ம ஊர்க்காரரிடம் போய் யார் தாள் கேட்பார்கள்? காலண்டர் நன்றாகவே வந்தது. படம் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது.

இந்த வருஷம் ஆனி மாதம், ஈப்போவில் என் பாட்டைக் கேட்கிற ஒரு பெண் வீடியோ ஒன்றை அனுப்பி, "அக்கா, வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தாள். ஒரு பட்டாசு கிப்ட் பாக்ஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. மூடியில் என் முகம். காலண்டரில் நான் சும்மா நின்றேன்; பெட்டியில் என் கையில் கம்பி மத்தாப்பு முளைத்திருந்தது. பின்னால் என் குரல், "ராத்திரிக்கும் வயிறு நிறைஞ்சுது யம்மா" என்று பாடுகிறது. அடுத்து 'பொய்யி' வரவேண்டும். அந்த இடத்தில் வார்த்தையை வெட்டி எறிந்துவிட்டு மூன்று வெடிச் சத்தம் போட்டிருந்தார்கள். டொம், டொம், டொம்.

முகத்தைக் கூட ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்த 'பொய்யி'யை வெட்டியதை என்னால் தாங்க முடியவில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்று நான் சொன்னதாக ஆகிவிட்டது.

டிக்கெட் போட்டு ஆடி மாதம் ஊருக்கு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு என் முகம். அம்மா தரையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, இது என்ன?"

"வாடி, வா. சாப்பிட்டயா?"

"இது என்னன்னு கேக்கேன்."

"உம் பெட்டிதான்டி. சீசன் முழுக்க இதுதான் வேலை. தெருவுல வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஏஜென்டுகிட்டச் சொல்லிட்டேன். நம்ம புள்ள மூஞ்சிய நாமதான ஒட்டணும்?"

"யார் சொல்லி என் படத்தப் போட்டாக?"

அம்மா கையை நிறுத்தினாள். "நீதான படத்த அந்த ஆளுக்கு அனுப்புன? நீ குடுத்ததுன்னுல்ல நான் நெனச்சேன்."

காலண்டருக்காக அனுப்பியது என்று சொன்னேன். அம்மாவுக்கு அது முழுதாகப் புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் கையிலிருந்த பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள், யாரோ பிடுங்க வருவது போல. பிறகுதான் மற்றதைச் சொன்னாள். பங்குனியில் ஓடு மாற்றப் பதினெட்டாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாள். வழக்கமாக ஐந்தாயிரத்துக்கு மேல் கொடுக்காதவர்கள் கேட்டவுடன் பதினெட்டு கொடுத்திருக்கிறார்கள். "மக படம் போட்ட பெட்டி வருது, வாங்கிக்கோ" என்றிருக்கிறார் ஏஜென்ட். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நோட்டில் கைநாட்டு வைத்திருக்கிறாள்.

மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். விருதுநகரில் பஸ் மாறும்போது, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா அங்கேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். "மாரியாத்தா, இவ வாயை மட்டும் கட்டிப் போடு தாயே" என்றாள், என் காதில் விழும்படியே.

ஆபீஸ் ரூமில் முதலாளி எழுந்தே நின்றார். "வாங்க தாயி, வாங்க. எப்ப வந்தீக? நல்லா இருக்கீகளா? உக்காருங்க." பிறகு அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, நீயும் வந்துட்டியா? வேலை கெடக்குல்ல?" என்றார்.

எனக்கு வாங்க, என்னைப் பெற்றவளுக்கு நீ. அவரைவிட அம்மாவுக்குப் பத்து வயதாவது கூட இருக்கும். நான் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்து அம்மாவை உட்கார வைத்தேன். அவள் நுனியில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷமாக இந்த மாதிரி ஆபீஸ்களுக்கு வந்து போகிறவள், நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

"ஏலே, குடிக்கக் கலர் ரெண்டு வாங்கிட்டு வாலே" என்று ஏஜென்டிடம் சொன்னார் முதலாளி.

"கலர் வேண்டாம். அண்ணன் இங்கயே இருக்கட்டும்" என்றேன். "என்னக் கேக்காம என் படத்தப் போட்டிருக்கீக. என் பாட்ட வெட்டிப் போட்டிருக்கீக. ஏன்னு கேக்க வந்தேன்."

முதலாளி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையிடம் சிரிக்கிற மாதிரி. "தாயி, சினிமா நடிகைக எம்புட்டுப் பேரு மூஞ்சிய லேபிள்ல போட்டிருக்கோம். ஒருத்தியாவது இங்கன வந்து நின்னுருக்காளா?"

"அவுகளுக்குச் சிவகாசியில அம்மா இல்லீகளே."

ஏஜென்ட் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி ஒரு பார்வை பார்த்ததும் கையை எடுத்துவிட்டு நேராக நின்றார்.

"சரி, உங்களுக்கும் விளம்பரம்தான தாயி. நம்ம ஊருப் புள்ள, வெளிநாட்டுல பாடுதுன்னு பெருமையாத்தான் போட்டோம்."

கடல் தாண்டிப் போய் மேடை மேடையாகக் கேட்ட அதே வார்த்தை.

"பெருமைக்கு விலை எம்புட்டு?" என்றேன். குரல் நடுங்கியது. மேடையில் எனக்குக் குரல் நடுங்கியதில்லை.

"சும்மா ஒண்ணும் போடலியே. பங்குனியிலயே குடுத்தாச்சே. யோவ், வாசியும்."

கணக்குப்பிள்ளை நோட்டை விரித்தார். அம்மாவின் பெயர் மேலே. "அட்வான்சு பதினெட்டாயிரம். ஒட்டுனது ஏழாயிரத்து நானூறு பெட்டி, நூத்துக்குத் தொண்ணூறு ரூவா கூலி, ஆறாயிரத்து அறுநூத்தி அறுவது கழிச்சாச்சு. பதினோராயிரத்து முந்நூத்தி நாப்பது நிக்குது. பெட்டி எழுவது குறையுது. பெட்டிக்குப் பதினெட்டு ரூவா, ஆயிரத்து இருநூத்தி அறுவது. ஆக பன்னெண்டாயிரத்து அறுநூறு பாக்கி."

"இது அம்மா கூலி. என் படத்துக்கும் பாட்டுக்கும் இதுல எங்க இருக்கு?"

"வீட்டுக்கு ஒரு பக்கந்தான தாயி" என்றார் முதலாளி, இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அம்புட்டு அட்வான்ஸ் அதுக்காகத்தான குடுத்தோம்?"

கடனாகக் கொடுத்ததை விலையாகக் கொடுத்ததாகச் சொல்கிறார். ஓடு மாற்ற வாங்கிய பணத்தை அம்மாவின் கை திருப்பிக் கட்டும். அதே பணத்துக்கு என் முகமும் அவர்களுக்குச் சொந்தம். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வயதில் ஒரு பக்கத்துக்குள் போய் உட்கார்ந்தேன். முப்பத்து நாலு வயதில், பதினேழு பாட்டுக்குப் பிறகு, சொந்தமாகப் பில் புத்தகம் வைத்திருக்கிற என்னை மறுபடி அதே மாதிரி பக்கத்துக்குள் தள்ளி மூடுகிறார்கள்.

"எழுவது பெட்டி எங்க?" என்று ஏஜென்ட் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "வீணாப் போனதையும் திருப்பிக் குடுக்கணும்ல அத்தை? எண்ணிக்கைக்கு வேணும்ல?"

அம்மா என்னைத்தான் பார்த்தாள். நான்தான் வற்புறுத்தினேன்.

"மூஞ்சியில பசை பட்டது, மடிப்பு விழுந்தது" என்றாள் கடைசியில். "வீணாப் போனத இவுக கட்டிச் சாக்குல மிதிச்சு அமுக்குவாக. நான் பாத்திருக்கேன். அதான் குடுக்கல. பரண் மேல அடுக்கி வச்சிருக்கேன்."

என் முகத்தை யாரும் மிதித்துவிடக் கூடாது என்று அவள் எடுத்து வைத்ததுக்குப் பெட்டிக்குப் பதினெட்டு ரூபாய்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிய்யா, படத்துக்குன்னு ரெண்டாயிரம் கழிச்சிரும். வந்தது வந்துட்டாக."

கணக்குப்பிள்ளை பேனாவை எடுத்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. இரண்டாயிரம் என்றால் அவளுக்கு இரண்டாயிரத்து இருநூறு பெட்டிக்கு மேல். முதுகு வலி இல்லாத எத்தனையோ நாள்.

"எழுதாதீக" என்றேன். "அந்தப் பக்கத்துல எம் பேருக்கு ஒண்ணும் எழுதாதீக."

"ஏ புள்ள!" என்றாள் அம்மா.

"எழுதுனா வித்ததா ஆயிரும்மா." பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "இந்தாங்க பன்னெண்டாயிரத்து அறுநூறு. அம்மா பாக்கி முடிஞ்சுது. இனிமே அவ என் மூஞ்சிய ஒட்ட மாட்டா. இப்ப என் கணக்கப் பேசுவோம்."

முதலாளி பணத்தைத் தொடக்கூட இல்லை. ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். "அட்வான்ச நாங்க பணமாத் திருப்பி வாங்குறதில்ல தாயி. வேலையாத்தான் கழியணும். ஆடி மாசம் பணத்த வச்சு நான் என்ன செய்ய? எனக்குக் கை வேணும்."

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் மறந்திருந்தேன். எங்கள் தெருவில் யாரும் அட்வான்ஸைப் பணமாகத் திருப்பியதில்லை. திருப்ப யாரிடமும் பணம் இருந்ததில்லை என்பதால் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவளும் தலையை ஆட்டினாள். "கை நீட்டி வாங்குனது. ஒட்டித்தான் கழிப்பேன். இல்லேன்னா அடுத்த வருசம் யாரு எனக்கு அட்டை போடுவா? நீ ஏரோப்ளேன் ஏறிப் போயிருவ."

மேஜை மேல் இருந்த பணத்தை எடுத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டேன்.

அங்கேயே நின்று பில் எழுதினேன். பாட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட், முகத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. நகைக்கடைக்குப் போட்ட அதே விலைதான்; ஒரு காசு கூட்டவில்லை. ரிங்கிட்டுக்குப் பத்தொன்பது ரூபாய் என்று கணக்கிட்டு ரூபாயில் எழுதினேன். பாட்டில் வெட்டிய வார்த்தைக்கு விலை போடத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். முதலாளி பில்லை வாங்கிப் பார்த்து, "எழுத்து நல்லாருக்கே தாயி, எம்புட்டுப் படிச்சீக?" என்று கேட்டார். ஒன்பதாவது என்றேன். பில்லைப் பெட்டிக்குள் போட்டு, என் முகம் போட்ட மூடியால் மூடினார். வெளியே வந்ததும் அதன் நகலைத் தபாலாபீஸில் பதிவுத் தபாலாக அனுப்பினேன். ஒப்புகை அட்டை கணக்குப்பிள்ளையின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கிள்ளானுக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவைப் பார்க்கிறேன். போனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டு பேசுகிறாள், பெட்டி எனக்குத் தெரியக் கூடாது என்று. பசை தடவுகிற பிரஷ் சத்தம் மட்டும் கேட்கும். எண்ணிக்கொண்டே பேசுவதால் இடையிடையே பேச்சு நின்றுவிடும். வீணானதை இப்போதும் அவள் கொடுப்பதில்லை. பரண் நிறைந்து அரிசிப் பானைக்குப் பின்னாலும் அடுக்கியிருக்கிறாளாம். ஏஜென்ட் கேட்டால், "கழிச்சுக்கோப்பா" என்று சொல்லிவிடுகிறாளாம்.

அவளுடைய கடன் அவள் கையால் இந்த சீசனில் இல்லாவிட்டால் அடுத்த சீசனில் கழிந்துவிடும். அது அவளுடைய பக்கம். என்னுடையது தனிப் பக்கம், என் பில் புத்தகத்தில், என் பெயரில் இருக்கிறது. மாதம் ஒரு முறை போன் போட்டு, பில் எண்ணைச் சொல்லிக் கேட்கிறேன். முதலாளி வெளியே போயிருப்பதாகக் கணக்குப்பிள்ளை சொல்கிறார். நகைக்கடைக்காரர் ஒரே நாளில் கொடுத்த தொகை அது. அந்தக் கம்பெனி எனக்கு இன்னும் தரவேண்டியது எழுபத்தாறாயிரம் ரூபாய்.